உலக மதிப்புச் சங்கிலில சேர்ந்தா நம்ம ஏற்றுமதியும் வேலையும் கூடுமா?

காலேஜ் அசைன்மென்டுக்குக் கேக்குறீங்கன்னு நினைக்கிறேன். ஒரு பொருளப் பல நாட்டுல துண்டு துண்டா செஞ்சு சேக்குறதத்தான் உலக மதிப்புச் சங்கிலிங்குறாங்க. அதுல சேர்ந்தா கூடும். ஆனா அந்த வேலையோட குடுமி எவன் கையில இருக்குன்னு பாக்கணும். நான் எக்ஸ்பர்ட்லாம் இல்ல, மதுரைக்குப் பக்கத்துல கப்பலூர்ல ஒரு ரப்பர் கம்பெனில ஒன்பது வருஷம் சூப்பர்வைசரா குப்பை கொட்டுனவன்.

காருக்கு பூட், சீல்னு தூசி, தண்ணி புகாம மூடுற ரப்பர் பார்ட் பண்ணுவோம். அதுக்கான இபிடிஎம்ங்குற செயற்கை ரப்பர் கொரியாவுல இருந்து வரும், இங்க பிரஸ்ல வேகவச்சு எடுத்தா ஓரத்துல பிசிறு நிக்கும், அத செக்கானூரணி, திருமங்கலம் பக்கமிருந்து வர்ற அக்காமார் சின்னக் கத்தரியால சுத்தி நறுக்குவாங்க, பீஸுக்கு இவ்வளவு பைசான்னு கூலி. சரக்கு சென்னை பக்கம் ஒரகடத்துல இருக்குற பெரிய கம்பெனிக்குப் போயி வேற பார்ட்டோட சேர்ந்து கப்பலேறும். ஏற்றுமதின்னு கணக்குல ஏறுறது அந்தக் கம்பெனி பேர்ல, நாங்க ஒரு டாலரக் கண்ணால பாத்ததில்ல. இதுக்கு நேர்மாறாவும் நடக்கும்: 2005-ல ஐபாட் 299 டாலருக்கு வித்தப்ப, அத சேத்துக் கட்டுன கூலியா சீனாவுல நின்னது கிட்டத்தட்ட 4 டாலர்தான், கணக்குல மட்டும் முழு ஐபாடும் சீனா ஏற்றுமதி.

2021-ல சிப் தட்டுப்பாடு வந்துச்சுல்ல, கார் கம்பெனிங்க லைன நிறுத்துனாங்க, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்களுக்கு மெயில், இனி ஆர்டர் பாதிதான்னு. சிப்புக்கும் எங்க ரப்பருக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல! பிசிறு நறுக்குற ட்ரிம்மிங்ல இருந்த 38 பேருக்கும் நான்தான் போயி சொன்னேன். ஒரு அக்கா கத்தரிய முந்தானைல தொடச்சு வச்சுட்டு, "திங்கக்கிழமை போன் பண்ணுவீங்கள்ல தம்பி"ன்னாங்க. பண்றேங்க்கான்னேன். பண்ணல. எட்டு மாசத்துல ஆர்டர் முன்ன விட ஜாஸ்தியாவே திரும்புச்சு, ஆனா கஸ்டமர் குவாலிட்டி குவாலிட்டின்னு குடைஞ்சதுல முதலாளி அதுக்குள்ள நைட்ரஜன்ல உறைய வச்சு பிசிறு உதுக்குற மெஷின் வாங்கிட்டாரு, ஆறு பேரு போதும்னு ஆயிப்போச்சு.

அப்ப உலக வியாபாரமே வேணாங்குறியான்னு சண்டைக்கு வராதீங்க. அந்த ஆர்டர் இல்லாட்டி அந்த அக்காமாருக்கு சித்தாள் வேலதான், அதுவும் எனக்குத் தெரியும்.

இதுல இன்னொரு கடுப்பு. தூத்துக்குடி துறைமுகம் இங்கிருந்து மூணு மணி நேரம், ஆனா பெரிய கம்பெனி பூராம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர்னே போகும். நம்ம மதுரைய 'பெரிய கிராமம்'னு கிண்டல் வேற. பாலிடெக்னிக் முடிச்ச பயலுகள எல்லாம் அங்கிட்டு அள்ளிட்டுப் போயிட்டாங்கெ, என் மச்சினன் உட்பட. தீபாவளிக்கு அவன் ஊருக்கு வர்ற ஆம்னி பஸ் டிக்கெட் விலையப் பத்தி தனியா ஒரு கேள்வி போடுங்க, அதுக்கு இதவிடப் பெருசா எழுதுறேன்.