அடுக்களையும் அதிகாரமும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அயல்நாட்டில் தொழில் தொடங்கி வென்ற நம் பக்கத்துப் பெண்களின் பேட்டிகளில், ‘தலைமைப் பண்பை என் பண்பாடுதான் தந்தது’ என்ற வரி தவறாமல் வருகிறது. பெண்ணை முன்னே வரவிடாத பண்பாடு தலைமையை எப்படித் தரும்? இது வெறும் மேடை உபசாரம் இல்லையா?

ச.

அன்புள்ள ச.,

உபசாரமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் லண்டனில் ‘டார்ஜிலிங் எக்ஸ்பிரஸ்’ உணவகத்தை நடத்தும் அஸ்மா கானைப் பாருங்கள். கல்கத்தாக்காரரான அவர், 1991இல் மணமாகிக் கேம்பிரிட்ஜுக்குப் போனபோது சமைக்கத் தெரியாதவர். ஊருக்குத் திரும்பி வந்து வீட்டுப் பெண்களிடம் கற்றுக்கொண்டார். சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றபின், 2012இல் தம் வீட்டிலேயே கட்டண விருந்துகளைத் தொடங்கி, 2017இல் சோஹோ பகுதியில் உணவகம் திறந்தார்.

எஸ்கோஃபியே என்ற பிரெஞ்சுச் சமையற்கலைஞர் வகுத்த முறையில், பெரிய உணவகத்தின் சமையலறை ஏறத்தாழ ஒரு ராணுவப் பிரிவு: மேலே ஒருவர் ஆணையிடுவார், கீழே படிப்படியாகப் பதவிகள். அஸ்மா கானோ, சமையற்கலைப் பள்ளியை எட்டியும் பார்த்திராத தெற்காசியப் பெண்களை, பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு பிழைத்தவர்கள் உட்பட, தம் அடுக்களையில் சேர்த்துக்கொண்டார். எழுதி வைத்த செய்முறையை யாருக்கும் ஆணையாகக் கொடுத்துவிடலாம். உப்பையும் மசாலாவையும் கண்ணளவில் போடும் கைப்பக்குவத்தை அப்படி வாங்க முடியாது என்பதால், அடுப்பருகே நிற்பவரின் தீர்ப்பை முதலாளி நம்பியே ஆகவேண்டும். அவருடைய தலைமையின் தன்மை இங்கேதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். தாய்மை, கனிவு என்று பத்திரிகைகள் எழுதுவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

நீங்கள் சொல்லும் பண்பாட்டின் மறுபக்கமும் அவர் அறியாததல்ல. வீட்டில் இரண்டாவது பெண்ணாகப் பிறந்து, அந்தப் பிறப்பு வரவேற்கப்படாததைப் பொதுவெளியில் பேசியவர். இரண்டாவது மகள்களின் பிறப்பைக் கொண்டாடச் செய்வதற்கென்றே ஓர் அறநிதியையும் தொடங்கினார். ஆக, ஒரே வீட்டிலிருந்து வந்தவற்றுள் அடுக்களையின் கூட்டுழைப்பை எடுத்துக்கொண்டு, மகனுக்கான ஏக்கத்தோடு மல்லுக்கு நிற்கிறார். அவரை உருவாக்கியதில் அந்தச் சண்டைக்கும் சம பங்கு உண்டு.

எனக்குள்ள ஐயம் வேறு. ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று முதலாளி சொல்லும் இடத்தில் கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் கேட்க நாக்கு கூசும். இருவரும் ஒரே ஊர், ஒரே மொழி என்றால் இன்னும் கூசும். அஸ்மா கானைக் குறித்து இதைச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் படித்த அந்தப் பேட்டிகளில், உடன் உழைப்பவர்களிடமும் யாராவது பேசியிருக்கிறார்களா?