கபடி டீமா, கார்டு வட்டியா?

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வருவது 62,000 ரூபாய். மாணவிகள் கபடி அணியைக் குறுவட்டம், மாவட்டம் என்று அழைத்துப் போவதில், பள்ளி நிதியில் கிடைப்பது போக, வருடம் 35,000 என் கிரெடிட் கார்டில் ஏறுகிறது. கார்டு பாக்கி இப்போது 1,80,000. மாதம் 9,000 தவறாமல் கட்டுகிறேன், குறையவே மாட்டேன் என்கிறது. “ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தே நாம் தெருவுக்கு வரப்போகிறோம்” என்கிறார் மனைவி. இதற்கிடையில் மச்சினர் வாடகைக்கு விட டர்ஃப் (செயற்கைப் புல்) மைதானம் போடுகிறார். பர்சனல் லோன் எடுத்து 3 லட்சம் கொடுத்தால் பங்கு உண்டாம். கொடுக்கலாமா?

பதில்: முதலில் வீட்டுச் சண்டையைத் தீர்த்துவிடுவோம், சார். உங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது அந்தப் பன்னிரண்டு பெண்கள் அல்ல. மாதாமாதம் நீங்கள் “தவறாமல்” கட்டும் அந்த 9,000தான்.

அது பாக்கியில் சரியாக 5 சதவீதம், அதாவது மினிமம் டியூ, கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை. கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1,80,000-க்கு 6,300. அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 1,134. ஆக 7,400 சொச்சம் அப்படியே போய்விடுகிறது. அசலில் கழிவது 1,600-கூட இல்லை. இப்படியே வருடம் முழுக்கக் கட்டினாலும் அசல் 24,000-க்குள்தான் குறையும். ஜூலையில் போட்டி தொடங்கியதும் நீங்கள் மறுபடி 35,000 தேய்க்கிறீர்கள். பிறகு எப்படிக் குறையும்?

வட்டியும் வரியுமாக நீங்கள் வருடத்துக்குக் கொடுப்பது ஏறக்குறைய 84,000. பிள்ளைகளுக்கு ஆவது 35,000. இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி மனைவியிடம் காட்டுங்கள்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பழைய பாக்கி நிற்கும்வரை புதுச் செலவுக்கு அந்த 45, 50 நாள் வட்டியில்லாக் காலம் கிடையாது. பஸ் டிக்கெட்டுக்கும் ஷூவுக்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

செய்ய வேண்டியது: ஆசிரியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் உறுப்பினர் என்றால் அங்கே கேளுங்கள், சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் வங்கியில் நகைக் கடன். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்றே வைத்தாலும் 1,80,000-க்கு மாதத் தவணை சுமார் 8,500. இரண்டே வருடத்தில் கடன் தீர்ந்துவிடும், மொத்த வட்டி 23,000 சொச்சம். இப்போது கட்டும் அதே பணம்தான். நகைக் கடன் என்றால் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைக்கும் பழக்கத்துக்குப் போய்விடாதீர்கள், அது மினிமம் டியூவுக்குத் தம்பி. “பாக்கியை இஎம்ஐ-யாக மாற்றித் தருகிறோம்” என்று கார்டு கம்பெனி அழைத்தால், வட்டி, பிராசஸிங் கட்டணம், ஜிஎஸ்டி மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

டீமை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் செலவில் ஒரு வேடிக்கை உண்டு: தோற்றால் குறுவட்டத்தோடு முடிந்துவிடும், ஜெயிக்க ஜெயிக்கத்தான் பஸ், சாப்பாடு, தங்கல் என்று ஏறும். அதனால் கடைசிவரை போவோம் என்றே பட்ஜெட் போடுங்கள். உங்கள் பங்கு மாதம் 1,500, அதை இப்போதே மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு ஒன்றில் (ஆர்டி) போட்டு வாருங்கள், வருடம் 18,000 ஆகிவிடும். மீதிக்குத் தலைமை ஆசிரியர் மூலம் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஜூனிலேயே எழுதிக் கொடுங்கள். முன்னாள் மாணவர்கள் உதவ வந்தால் ஜெர்சியும் ஷூவும் அவர்களே வாங்கித் தரட்டும். பணமாகத் தருவதென்றால் பள்ளிக் கணக்குக்கு, ரசீதோடு. உங்கள் ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட வரக் கூடாது. நல்லது செய்யப் போய் விளக்கக் கடிதம் எழுத வேண்டிவரும்.

டர்ஃப்? அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி அனுமதியில்லாமல் தனியார் தொழிலில் இறங்க முடியாது. மனைவி பெயரில் போடலாம் என்று மச்சினர் சொல்வார். யார் பெயரில் போட்டாலும், தெருவுக்குத் தெரு டர்ஃப் முளைக்கும் நேரத்தில், பகல் வெயிலில் காலியாகக் கிடந்து சாயங்காலம் சில மணி நேரம் மட்டும் வாடகை வரும் தொழில் அது. விரிப்பு தேய்ந்தால் மறு முதலீடும் கேட்கும். 12, 14 சதவீதத்துக்குக் கடன் வாங்கிப் போடும் இடமா? உங்கள் மாணவர்களைக் கூட்டி வருவீர்கள் என்ற கணக்கும் அவர் மனதில் இருக்கலாம், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். கார்டு பாக்கி 1,80,000 என்ற உண்மையைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

கடன் தொகை கைக்கு வந்த அன்றே கார்டை முழுதாக அடைத்து, லிமிட்டை 20,000-க்குக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள்.