கேள்வி-பதில்: பிரேக் ஹோஸை எங்கே வெட்டுவது?

கேள்வி: என் மவுன்டன் பைக்கில் சிமானோ எம்டி200 ஹைட்ராலிக் பிரேக். ஹேண்டில்பாருக்கு முன்னால் இரண்டு ஹோஸும் (ஆயில் போகும் குழாய்கள்) பெரிய வளையமாக நீட்டிக்கொண்டு புதரில் மாட்டுகின்றன. ஆயிலை முழுவதும் வடிக்காமல் வெட்டிக் குறைக்க முடியுமா?
- வாசகர், கோவை

பதில்: முடியும். லீவர் பக்கம்தான் வெட்ட வேண்டும், காலிபர் (சக்கரத்தருகே பிரேக் பேடுகளைத் தாங்கும் பகுதி) பக்கம் கை வைக்காதீர்கள். முதலில் ஒவ்வொரு ஹோஸுக்கும் ஒரு புதிய ஆலிவும் (பித்தளை வளையம்) ஒரு புதிய இன்சர்ட்டும் (ஹோஸின் வாய்க்குள் போகும் சிறு குழாய்) வாங்கி வையுங்கள். பழைய ஆலிவ் ஒருமுறை நசுங்கியது, மறுபடி உதவாது. இன்சர்ட்டில் ஏமாற வாய்ப்பு உண்டு. சிமானோவில் பரவலாக உள்ளவை பிஎச்59, பிஎச்90 என இரண்டு வகை ஹோஸ். வெளியே இரண்டும் 5 மி.மீ.தான், உள்துளை வேறு. உங்களுடையது பிஎச்59, ஹோஸின் மேலேயே அச்சிட்டிருக்கும். அதற்கு உரிய இன்சர்ட் பொன்னிறம், பிஎச்90-க்கு வெள்ளி நிறம்.

அவசரப்படக் கூடாத இடம் அளவு எடுப்பது. ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். பின் சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் இருந்தால் அதையும் அமுக்கிப் பாருங்கள். எந்த நிலையிலும் ஹோஸ் விறைக்கக் கூடாது. இப்போது லீவரில் நட்டு ஹோஸைப் பிடித்திருக்கும் இடத்திலிருந்து, இனி அது எங்கே பிடிக்க வேண்டுமோ அதுவரை அளந்து குறியிடுங்கள். அது 6 செ.மீ. என்றால், கழற்றிய ஹோஸின் நுனியிலிருந்தும் 6 செ.மீ.தான் வெட்ட வேண்டும். பலர் குறியிட்ட இடத்திலேயே வெட்டிவிடுகிறார்கள். லீவருக்குள் போகும் நீளம் அதில் போய்விடும்; பிறகு முழு ஹோஸும் புதிதாக வாங்க வேண்டியதுதான். சந்தேகம் இருந்தால் ஒரு செ.மீ. கூடவே விடுங்கள்.

சக்கரத்தையும் பிரேக் பேடுகளையும் கழற்றித் தூர வைத்துவிட்டு, காலிபருக்குள் மஞ்சள் பிளாஸ்டிக் கட்டையைச் செருகுங்கள். பேடில் ஒரு சொட்டு ஆயில் பட்டாலும் பிரேக் கீச்சிடும், பிடிக்காது. லீவரில் ரப்பர் மூடியைப் பின்னால் தள்ளி, 8 மி.மீ. ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி ஹோஸை உருவுங்கள். அது மறுபடி மாட்டப்படும்வரை லீவரை அழுத்தவே கூடாது; அழுத்தினால் உள்ளே உள்ள ஆயில் பீய்ச்சிவிடும்.

வெட்டுவதற்கு ஹோஸ் கட்டர் சிறந்தது. இல்லையென்றால் புதிய பேப்பர் கட்டர் பிளேடு, நேர் குறுக்காக ஒரே அழுத்து. கட்டிங் பிளேயர் வேண்டாம். ஹோஸின் வாய் முட்டை வடிவமாக நசுங்கும், இன்சர்ட் சாய்ந்து இறங்கி உள்சுவரைக் கீறும், அந்தக் கீறல் வழியே ஆயில் கசியும்.

வெட்டிய நுனியில் ரப்பர் மூடி, நட்டு, ஆலிவ் என்ற வரிசையில் கோத்த பிறகே இன்சர்ட். இன்சர்ட் இறங்கிய பின்தான் நட்டு நினைவுக்கு வந்தால் மறுபடி வெட்டத்தான் வேண்டும்! இன்சர்ட்டை அடிக்கும்போது ஹோஸ் வழுக்காமலிருக்க, பிரேக்கோடு வரும் இரண்டு பள்ளம் வெட்டிய கட்டைகளுக்கு இடையில் வைத்து வைஸில் பிடியுங்கள். அவை இல்லையா? ஒரு மரத்துண்டில் 5 மி.மீ. துளை போட்டு, துளையின் நடுவே இரண்டாக அறுத்துக்கொண்டால் போதும். சிறு சுத்தியலால் மெதுவாக, இன்சர்ட்டின் தலை ஹோஸின் வாயைத் தொடும்வரை தட்டுங்கள்.

மாட்டும்போது ஒரு கை ஹோஸை லீவருக்குள் அழுத்திக்கொண்டே இருக்க, மறு கை நட்டை முறுக்க வேண்டும். அழுத்தம் விட்டால் ஹோஸ் அரைகுறையாக நிற்க, ஆலிவ் மட்டும் இறுகிவிடும். அன்றைக்கு ஒழுகாது, ஏதோ ஒரு மலை இறக்கத்தில் இறுக்கிப் பிடிக்கும்போது கழன்று வரும். நட்டின் இறுக்கம் 5 முதல் 7 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் போனால் லீவரின் மரை போய்விடும். முடித்ததும் நட்டைச் சுற்றி டிஷ்யூ பேப்பரைக் கட்டி, லீவரைப் பலமாகப் பத்து விநாடி பிடித்துப் பாருங்கள். பேப்பர் நனையக் கூடாது.

கேள்வி: ஹோஸைக் குறைத்த பிறகு லீவர் ஹேண்டில்பார்வரை போகிறது. வேகவேகமாக அழுத்தினால் மட்டும் இறுகுகிறது. என்ன தவறு?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: காற்று புகுந்திருக்கிறது. ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும். உங்கள் கைவிசை அதிலேயே போய்விடுகிறது. லீவரைத் தரைக்குச் சமமாக்கி, மேலே உள்ள பிளீட் ஸ்க்ரூவை (காற்றை வெளியேற்றும் வாயின் திருகு) கழற்றி (சிமானோவில் பெரும்பாலும் 2.5 மி.மீ. ஆலன் கீ), புனலைத் திருகிப் பாதியளவு ஆயில் ஊற்றுங்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் காலிபரிலிருந்து மேல்நோக்கி ஹோஸைத் தட்டிக்கொண்டே வாருங்கள். லீவரை மெதுவாக அழுத்தி விடுங்கள். அதைச் சற்று மேலும் கீழும் சாய்த்தும் செய்யுங்கள். குமிழி வருவது நின்றால் புனலை அதன் அடைப்பானால் மூடிக் கழற்றலாம். அதன் பிறகும் மெத்தென்று இருந்தால் காற்று கீழே இருக்கிறது. காலிபரிலிருந்து சிரிஞ்ச் வைத்து முழுதாகப் பிளீட் செய்ய வேண்டும்.

கேள்வி: சிமானோ பிரேக்குக்கு வேண்டிய மினரல் ஆயில் கிடைக்கவில்லை. மோட்டார் சைக்கிள் பிரேக் ஆயிலை ஊற்றலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: கூடாது. அது டாட் (DOT) எனப்படும் வேறு வகை ஆயில். மினரல் ஆயிலுக்கான ரப்பர் சீல்கள் அதில் ஊதிக் கெட்டுவிடும், பிரேக் மொத்தமும் போகும். டாட் பிரேக்கில் மினரல் ஆயில் ஊற்றினாலும் இதே கதிதான். லீவரில் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள். எஸ்ஆர்ஏஎம் (இன்னொரு பிரேக் நிறுவனம்) என்றாலே டாட் என்ற பழைய கணக்கும் டிபி8, மேவன் மாடல்களுக்குச் செல்லாது. அவை மினரல் ஆயிலில் ஓடுகின்றன.