மீன் விடுவதற்கு முன்: கொல்லைப்புற அக்குவாபோனிக்ஸ் கேள்வி பதில்

மீனையும் கீரையையும் ஒரே நீரில் வளர்க்கத் தொடங்கியிருப்பவர்களும் தொடங்க நினைப்பவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முதல் கேள்விக்கான பதில் நீளமானது. மற்றவை பெரும்பாலும் அதையொட்டியே வருவதால், அதை அனைவரும் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): ஐயா, ஆயிரம் லிட்டர் தொட்டியில் போர்வெல் தண்ணீர் நிரப்பி, மூன்றாம் நாளே ஐம்பது ஜிலேபிக் குஞ்சுகளை விட்டேன். பத்து நாளுக்குள் பாதிக்கு மேல் செத்துவிட்டன. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. இது என்ன நோய்?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது நோயாகத் தோன்றவில்லை, அம்மோனியா நஞ்சாகவே இருக்க வேண்டும். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை இடைவிடாமல் வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் கழிவும் அழுகி அதை மேலும் கூட்டுகின்றன. அம்மோனியாவுக்கு நிறமில்லை என்பதால், தெளிந்த நீரை நம்பி எதையும் முடிவு செய்ய இயலாது. நன்கு பழகிய தொட்டியில் நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா போன்றவை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சுதான். நைட்ரேட்டே செடிக்கு உணவு. இந்தப் பாக்டீரியாக்கள், தொட்டி நீர் சுற்றிவரும் செடிப் படுகையிலுள்ள ஜல்லியின் மேற்பரப்பில் படிந்து பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். உங்கள் தொட்டியில் அவை குடியேறும் முன்பே மீன்கள் வந்துவிட்டன.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். தீனியை உடனே நிறுத்துங்கள்; சில நாள் பட்டினியால் மீனுக்குக் கேடு வராது. நீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றி, ஏர் பம்ப்பை இரவும் பகலும் ஓடவிடுங்கள். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். (நீரின் அமில-கார அளவு) ஆகிய நான்கையும் பார்க்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒன்றை வாங்கி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்வரை நீர் மாற்றுவதைத் தொடருங்கள். மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதையும், செவுள் சிவப்பு மாறிப் பழுப்பேறுவதையும் கண்டால் நைட்ரைட் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி (மதுரை): மீன் இல்லாமலேயே இந்தப் பாக்டீரியாவை வளர்க்க முடியுமா?

பதில்: முடியும், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் வழியே அதுதான். கலப்பில்லாத அம்மோனியம் குளோரைடு, அதாவது நம் நவச்சாரம், ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 10 கிராம் கரைத்து ஊற்றினால் லிட்டருக்கு இரண்டரை மில்லிகிராம் அளவில் அம்மோனியா நைட்ரஜன் கிடைக்கும். பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அம்மோனியா குறையத் தொடங்கும்போது நைட்ரைட் ஏறும். அதுவும் இறங்கும்போது நைட்ரேட் தெரியவரும். அம்மோனியா தீரும்போதெல்லாம் மறுபடி ஊற்றிவாருங்கள். 10 கிராம் ஊற்றிய மறுநாளே அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தை ஒட்டி நின்றால் மீன் விடலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நண்பரின் படுகையிலிருந்து ஒரு வாளி ஜல்லியை ஈரம் காயாமல் கொண்டுவந்து போட்டால் காலம் வெகுவாகக் குறையும். நகராட்சிக் குழாய் நீரைப் பயன்படுத்துபவர்கள், அதிலுள்ள குளோரின் இந்தப் பாக்டீரியாவையும் கொல்லும் என்பதால், ஓரிரு நாள் திறந்த தொட்டியில் காற்றூட்டிவிட்டுப் பிறகே சேர்க்க வேண்டும்.

கேள்வி (திருச்சிராப்பள்ளி): எத்தனை மீனுக்கு எத்தனை செடி என்று ஒரு கணக்கு உண்டா?

பதில்: மீனின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்குப் போடுவதால்தான் பலரும் தடுமாறுகிறார்கள். செடிக்குப் போய்ச் சேரும் சத்து அனைத்தும் தீனி வழியாகவே நுழைகிறது. ஆகையால் அன்றாடத் தீனியே அளவுகோல். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2014-இல் வெளியிட்ட சிறு அளவு அக்குவாபோனிக்ஸ் கையேடு, கீரை வகைகளுக்கு ஒரு சதுர மீட்டர் படுகைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீனியும், தக்காளி போன்ற காய்க்கும் செடிகளுக்கு 50 முதல் 80 கிராமும் என்று வகுத்திருக்கிறது. ஆயிரம் லிட்டர் தொட்டியில் இருபது மீன்கள் அரைக் கிலோ வரை வளர்ந்தால் மொத்தம் 10 கிலோ. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தின்றால் 200 கிராம் தீனி. அது நான்கு அல்லது ஐந்து சதுர மீட்டர் கீரைக்குப் போதும். குஞ்சுப் பருவத்தில் தீனி சிறிதளவே என்பதால், முதல் மாதங்களில் ஒரு சதுர மீட்டரில் தொடங்கிப் படிப்படியாகப் பெருக்குவது நல்லது.

கேள்வி (சென்னை): மொட்டை மாடியில் வைக்கலாமா? எந்த ஜல்லி வாங்குவது?

பதில்: ஜல்லியைப் பொறுத்தவரை, 20 மில்லிமீட்டர் கருங்கல் ஜல்லியே போதும், தூள் முழுவதும் போகும்வரை அலசுங்கள். வாங்கும் முன் நான்கைந்து கற்களின் மேல் வினிகரை விட்டுப் பாருங்கள். நுரைத்துக் குமிழி வந்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, அது பி.எச்.சை ஏற்றிக்கொண்டே இருக்கும், வேண்டாம். மாடியைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே அதிகம். 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் ஜல்லி ஏறக்குறைய அரை டன் எடை. நீர் சேர்ந்தால் அதையும் தாண்டும். மீன் தொட்டியோ தனியாக ஒரு டன். கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்து ஒப்புதல் தராமல் மாடியில் ஏற்றாதீர்கள்.

கேள்வி (திருப்பூர்): எங்கள் போர்வெல் நீரின் பி.எச். 8.2. எலுமிச்சைச் சாறு ஊற்றிக் குறைக்கலாமா?

பதில்: வேண்டாம். எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலம் பாக்டீரியாவுக்கு ஆகாது. பி.எச். ஏன் முக்கியம் என்றால், நீரிலுள்ள மொத்த அம்மோனியாவில் நஞ்சாகும் பங்கு அதைப் பொறுத்தே மாறுகிறது. 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் அந்தப் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 8 என்றால் ஏழுக்கும் மேல். கோடையில் நம் ஊர்க் கடின நீரில் மீன் சட்டென்று சாவதற்கு இதுவும் ஒரு காரணம். மழைநீரைச் சேமித்துக் கலப்பதே சிறந்த வழி. அமிலம்தான் வேண்டும் என்றால், தனி டிரம்மில் பாஸ்பாரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஓரிரு நாள் பொறுத்து மறுபடி அளந்து, அந்த நீரை மட்டும் தொட்டிக்கு ஊற்றுங்கள். மீன் இருக்கும் நீரில் நேராக விடக் கூடாது.

அம்மோனியாவை மாற்றும் வேலையே நீரை மெல்ல அமிலமாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஓராண்டில் இதே தொட்டியில் பி.எச். 6-ஐ நோக்கி இறங்கக்கூடும். அப்போது பாக்டீரியா சோர்ந்துபோகும். 6.8 முதல் 7.2 வரை என்பது மீன், செடி, பாக்டீரியா மூன்றும் பொறுத்துக்கொள்ளும் எல்லை.

கேள்வி (சேலம்): பாலக்கீரையில் இளந்தளிர் மட்டும் வெளிறி, நரம்பு பச்சையாக இருக்கிறது. மீன் நன்றாக இருக்கிறது.

பதில்: இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம் இது. மீன் தீனி மீனின் தேவைக்காகத் தயாரானது. அதில் செடிக்கு வேண்டிய இரும்பும் பொட்டாசியமும் போதாது. டி.டி.பி.ஏ. வகைச் செலேட் இரும்பை (செடி எடுத்துக்கொள்ளும்படி நீரில் கரைந்தே நிற்கும் இரும்பு) லிட்டருக்கு 2 மில்லிகிராம் கணக்கில் சேருங்கள். உரக்கடைகளில் எளிதாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. வகை, பி.எச். 6.5-ஐத் தாண்டினால் நிலைக்காது. உறையில் வகையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): அசுவினிக்கு வேப்பெண்ணெய் அடிக்கலாமா? மீனுக்குப் புண் வந்தால் உப்புப் போடலாமா?

பதில்: மீன் இருக்கும் நீரோடு இணைந்த படுகையில் வேப்பெண்ணெயை நான் பரிந்துரைக்க மாட்டேன், இயற்கை மருந்து என்பதால் மீனுக்குப் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. வேகமான நீர்ப்பீச்சல், மஞ்சள் ஒட்டும் அட்டை, பாதித்த தண்டைக் கிள்ளிவிடுதல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புண் வந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே உப்பிடுங்கள். பொதுத் தொட்டியில் போட்ட உப்பு எங்கும் போகாமல் தங்கிச் செடியைக் கருக்கும்.

கேள்வி (நாகர்கோவில்): மின்வெட்டு நேரத்தில் என்ன செய்வது? எந்த மீன் நல்லது?

பதில்: 30 டிகிரியில் நீர் ஏற்கக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான், மீனுக்கு 5-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. இடைவெளி அவ்வளவு சிறியதாக இருப்பதால், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப்பை முதல் நாளிலிருந்தே வைத்துவிடுங்கள். தொட்டியில் மீன் குறைவாக இருந்தால் அதிக நேரம் தாங்கும்.

மீனைப் பொறுத்தவரை, கோய் கெண்டை பழகுவதற்கு ஏற்றது. கிஃப்ட் திலேப்பியா (ஜிலேபியில் மேம்படுத்திய வளர்ப்பு வகை) வளர்க்க மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும். முதலில் அவர்களைக் கேட்டுவிடுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி இந்தியாவில் தடை செய்யப்பட்டது. விலை மலிவென்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.