அம்மாவுக்கு இருப்பது துக்கமா, மனச்சோர்வா?

கேள்வி: அப்பா இறந்து ஓராண்டாகிறது. அறுபதைக் கடந்த என் அம்மா சில மாதங்களாக ஓயாமல் உடம்பு வலிக்கிறது என்கிறார். விடிவதற்கு வெகுமுன்பே விழித்துவிடுகிறார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். துக்கம்தான், போகப்போகச் சரியாகிவிடும் என்கிறார்கள் உறவினர்கள். மருத்துவரிடம் காட்ட வேண்டுமா? (வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்)

பதில்: காட்ட வேண்டும், இந்த வாரமே.

துக்கம் அலைபோல வந்து போகும். இடையிடையே பேரப்பிள்ளையைக் கண்டு முகம் மலரும், அப்பாவின் பழைய பேச்சை நினைத்துச் சிரிப்பும் வரும். மனச்சோர்வு நோயிலோ எதிலும் நாட்டமின்மை அல்லது சோகம் நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய அன்றாடம், குறைந்தது இரண்டு வாரங்களுக்கு நீடிப்பதோடு, தூக்கமும் பசியும் கெடுதல், அசதி, கவனம் சிதறுதல், "நான் இருந்து யாருக்கு என்ன பயன்" என்ற எண்ணம், குற்றவுணர்வு ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். நம் வீட்டு மூத்தவர்கள் "மனசு சரியில்லை" என்று எளிதில் சொல்வதில்லை. முதுகு வலி, தலை பாரம் என்றுதான் சொல்வார்கள். ஆகவே சொல்வதைவிடச் செய்வதைக் கவனியுங்கள்: வகைவகையாகச் சமைத்தவர் இப்போது ரொட்டியும் தேநீருமாகப் பொழுதைக் கழிக்கிறாரா? காலையில் மிகவும் சோர்ந்திருந்து மாலையில் சற்றுத் தெளிகிறாரா?

சாவைப் பற்றி நினைக்கிறாரா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்கு அது ஆறுதலாகவே இருக்கும். "ஆமாம்" என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள், அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்க்கும் உதவும் தென்னாப்பிரிக்காவின் 'சாடாக்' (SADAG) அமைப்பின் 0800 567 567 என்ற கட்டணமில்லா எண்ணிலும் உதவி கேட்கலாம்.

அத்தகைய அபாயம் இல்லையெனில், அருகிலுள்ள கிளினிக்கிலேயே தொடங்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு மனச்சோர்வு கூடுதலாகவே வருகிறது. ஒன்று மற்றொன்றை மோசமாக்கவும் செய்கிறது. மெட்ஃபார்மினை நெடுநாள் உட்கொண்டால் வைட்டமின் பி12 குறையலாம். அந்தக் குறைவும், தைராய்டு சுரப்புக் குறைவும், இரத்தசோகையும் இதே சோர்வைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். மனச்சோர்வுக்கு மருந்து எழுதித் தந்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர வேண்டியிருக்கும், தாமாக நிறுத்தக் கூடாது. மனநல ஆலோசனையும் பலன் தரும். நேர்த்திக்கடனும் பூசையும் தாராளமாக நடக்கட்டும். சிகிச்சையை அவற்றுக்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவரிடம் அம்மா உடம்பு வலியை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடக்கூடும். அவர் சம்மதித்தால் நீங்களும் உடன் அமர்ந்து, தூக்கம், சாப்பாடு, கோயில் என எவையெவை எப்போதிலிருந்து மாறின என்பதை எழுதி எடுத்துச் சென்று கொடுங்கள்.