கங்காரு நிற்கும் தண்ணீரில் இறங்காதீர்கள்

உங்கள் கெல்பி நாய் ஒரு கங்காருவைத் துரத்திக்கொண்டு பண்ணைக் குளத்துக்குள் போனதையும், அது நாயின் தலையைத் தண்ணீரில் அமுக்கியதையும் படித்தபோது மனசு பதறிவிட்டது. நாய் பிழைத்ததே பெரிய விஷயம். அடுத்த முறை நீங்களே இறங்கிக் காப்பாற்றலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம், தயவுசெய்து இறங்காதீர்கள்.

கங்காரு தண்ணீருக்குப் போவது பயந்து தவறி விழுவதல்ல. டிங்கோ என்னும் ஆஸ்திரேலியக் காட்டுநாய் துரத்தினாலும் அது இப்படித்தான் செய்யும். மார்பளவு ஆழத்தில் நின்று திரும்பிக்கொள்ளும். அங்கே அதற்குக் கால் தரையில் ஊன்றும், நாய்க்கு ஊன்றாது, நீந்தியே ஆக வேண்டும். நீந்தி நெருங்கும் நாயை முன்னங்கைகளால் பிடித்து அமுக்கிவிடும். வளர்ந்த ஆண் கிழக்குச் சாம்பல் கங்காரு 60 கிலோவுக்கு மேலும் இருக்கும். பின்னங்கால் நகம் மனிதர் வயிற்றையும் கிழித்துவிடும்.

கரையில் நின்றே நாயைக் கூப்பிடுங்கள். நாய் விலகிவிட்டால் கங்காரு பின்னாலேயே வந்து தாக்குவது அரிது, அதற்குத் தப்பித்தால் போதும். அது வெளியேற வழிவிட்டு நில்லுங்கள். துரத்தலின் அதிர்ச்சியிலேயே தசை சிதைந்து, சில நாள் கழித்துச் சாகும் கங்காருக்களும் உண்டு. அதையும் நினைத்துப் பாருங்கள்.

அப்புறம், நாயை இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் மூச்சுத் திணறல் பல மணி நேரம் கழித்தும் வரலாம். அதிகாலையிலும் அந்தி வேளையிலும்தான் கங்காருக்கள் மேய வரும். அந்த நேரத்தில் நாய் கயிற்றிலேயே இருக்கட்டும்.