ரோமானிய வெண்கலக் காசு சேர்க்க எங்கே தொடங்கலாம்?

“பழங்கால ரோமானிய வெண்கல நாணயங்கள் சேர்க்க ஆசை. வரலாறு அதிகம் தெரியாது, கையில் பெரிய பணமும் இல்லை. எதில் தொடங்கலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் குடும்பத்துச் சில்லறைக் காசுகளில் தொடங்குங்கள். கி.பி. 4ஆம் நூற்றாண்டில் ஏராளமாக அடித்தவை என்பதால் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. எந்த ஊரில், ஏறக்குறைய எந்த ஆண்டுகளில் அடித்தது என்பதையும் பெரும்பாலும் காசை வைத்தே சொல்லிவிடலாம்.

இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தபோது நான் வாங்கிய முதல் காசு கட்டைவிரல் நகத்தளவுதான். தலைப் பக்கம் முகம் பாதி தேய்ந்திருந்தது. பூப் பக்கத்தில் இரண்டு சிப்பாய்கள், நடுவே இரண்டு படைக்கொடிகள். சுற்றிலும் ‘குளோரியா எக்ஸெர்கிடுஸ்’, அதாவது படையின் புகழ். இரண்டு கொடி என்றால் 330 முதல் 335 வரை. ஒரே கொடி என்றால் அதற்குப் பிந்தியது. சிப்பாய்களின் காலடிக் கோட்டுக்குக் கீழே இருக்கும் எழுத்துகள்தான் அக்கசாலையின், அதாவது காசு அடித்த சாலையின், அடையாளம். என்னுடையதில் அந்தியோக்கியாவின் எழுத்துகளும், கடைசியில் கிரேக்க ‘பீட்டா’வும் இருந்தன. அந்த நகரத்து அக்கசாலையின் இரண்டாம் பட்டறை! இன்றைக்குத் துருக்கியில் அந்தாக்கியா என்று இருக்கும் ஊர். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்து ஒரு சின்ன மின்னணுத் தராசு வாங்குங்கள். 294 வாக்கில் பேரரசர் டையோக்லீஷியன் கொண்டுவந்த ‘ஃபோலிஸ்’ காசு சுமார் 10 கிராம்; மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு. 318 வாக்கில் அது 3 கிராம்தான். கொடி ஒன்றானபோது ஒன்றரை கிராம் சொச்சம். ரோம் நகரம் பிறந்து 1,100 ஆண்டு நிறைந்ததாக எண்ணப்பட்ட 348இல் கொஞ்சம் கனமான புதுக் காசு வந்தது. ‘நல்ல காலம் திரும்பியது’ என்ற பொருளில் எழுத்து. படம், குதிரையோடு சாயும் எதிரியை ஈட்டியால் குத்தும் வீரன். பத்து ஆண்டுக்குள் அதே எழுத்தோடு அதுவும் சுருங்கிவிட்டது. இந்த வகையில் பெரியது ஒன்றும் சின்னது ஒன்றும் வாங்கி அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். விலைவாசி என்ன பாடு படுத்தியிருக்கும் என்று கை எடையிலேயே தெரிந்துவிடும்.

என்னிடம் இருப்பவற்றில் எனக்கு மிகவும் நெருக்கமானது ஃபாஸ்டாவின் காசு. கான்ஸ்டன்டைனின் மனைவி. 324க்கும் 326க்கும் இடையில் அடித்தது. பூப் பக்கத்தில் ஒரு பெண் இரண்டு குழந்தைகளை அணைத்தபடி நிற்கிறாள். ‘நாட்டின் நலம்’ என்று எழுத்து. 326இல் கான்ஸ்டன்டைன் தன் மூத்த தாரத்து மகன் கிரிஸ்பஸைக் கொல்லச் சொன்னார். அதே ஆண்டில் ஃபாஸ்டாவும் கொல்லப்பட்டார். கொதிக்கும் குளியலறையில் அடைத்து என்று பழைய ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். கல்வெட்டுகளில் அவர் பெயரைச் செதுக்கி எடுத்தார்கள். ஆனால் சந்தையில் கைமாறிக்கொண்டிருந்த செப்புக்காசுகளை யார் போய்ப் பொறுக்குவது? அந்தத் தாயும் பிள்ளைகளும் இன்று என் மேசையில் இருக்கிறார்கள்.

கான்ஸ்டன்டைன் 312இல் சிலுவைக் காட்சி கண்டு கிறிஸ்தவத்துக்கு மாறினார் என்றுதான் நாம் படித்திருப்போம். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ‘வெல்ல முடியாத சூரியன் என் துணை’ என்று சூரியக் கடவுளையே அவர் காசில் போட்டார். மாற்றம் எவ்வளவு மெதுவாக நடந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

முதல் இரண்டு நூற்றாண்டுகளின் பெரிய ‘செஸ்டெர்டியஸ்’ காசுகள் அழகு. (வெண்கலம் என்று சொன்னாலும் அவை உண்மையில் பித்தளை.) ஆனால் விலை அதிகம், போலியும் அதிகம், தேய்ந்த முகத்தை உளியால் திருத்தி விற்பதும் உண்டு. இப்போதைக்கு வேண்டாம்.

சுத்தம் செய்வது பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்கவே கூடாது. பூஜைப் பாத்திரம் துலக்குகிற நினைப்பில் நான் ஒரு காசை அப்படிச் செய்தேன்; 1,700 ஆண்டு மேல்பூச்சு பத்து நிமிடத்தில் போய்விட்டது, இன்றும் வருத்தம்தான். வாலை வடிநீரில் ஊறவைத்து, பல்குத்தும் மரக்குச்சியால் பொறுமையாக மண்ணை எடுத்தால் போதும். கெட்டியான பச்சையும் பழுப்பும் காசுக்குக் காப்பு. தொட்டால் மாவாக உதிரும் வெளிர்பச்சைப் புள்ளிதான் நோய். அதை உடனே தனியே பிரித்து ஈரம் படாமல் வையுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை எதற்கும் ஆகாது.

இந்தச் செப்புக்காசுகள் நம் பக்கமும் வந்திருக்கின்றன. கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையில் வைகை மணலிலும் 4ஆம், 5ஆம் நூற்றாண்டு ரோமானியக் காசுகள் கிடைத்துள்ளன. இலங்கையில் அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே அடித்தவையும் உண்டு. ஆனால் ஆற்றில் அரித்தெடுத்ததாகச் சொல்லி யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். புதையலை அரசுக்குத் தெரிவிக்கச் சொல்லும் 1878ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. காசு எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கொடுக்கும் வியாபாரியிடம் மட்டும் வாங்குங்கள்.

முதலில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், ஓநாய்க் காசைத் தேடுங்கள். 330இல் கான்ஸ்டன்டினோபிள் புதிய தலைநகரானபோது, பழைய ரோமுக்கும் மரியாதையாக அடித்தது. தலைப் பக்கத்தில் தலைக்கவசம் அணிந்த ரோமா தேவி, பூப் பக்கத்தில் ரோமை நிறுவியதாகக் கதை சொல்லும் இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் ஓநாய், மேலே இரண்டு நட்சத்திரம். முகம் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, ஓநாயின் காலடியில் உள்ள எழுத்துகள் தெளிவாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.